அந்தோணியாரின் வெறுங்கை

காலையில் சாந்தோமிலிருந்து கிளம்பிய வண்டி மத்தியானச் சாப்பாட்டுக்குச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொழுது சாயும்போது அது அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்று புகைந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து பாலம் இரண்டு மைல் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஒரு தாயும் மகனும் ஒரு பகல் முழுக்க என்ன பாடு பட்டார்கள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

போன வாரக் கதையில், சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்தடியில், மகன் ஆம்ப்ரோஸை வாயடைத்துப் போனவனாக விட்டுவிட்டு வந்தோம். எதிரே நின்றவன் பிரகாசம். மந்தைவெளிக்காரன். ஆம்ப்ரோஸின் அண்ணன் காஸ்பரோடு ரங்கூன் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பர்மாவிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தவன். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், கந்தலைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"காஸ்பரு வழியிலயே போயிட்டாம்பா. காலரா. ஆத்தங்கரையில பொதைச்சோம்" என்றான்.

ஆம்ப்ரோஸ் அழவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா கண்ணுல மட்டும் பட்டுடாதே. நானே சொல்லிக்கிறேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான்.

அவன் கணக்கு இப்படி. ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பட்டணத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியே போய்விடுங்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அவன் தாய் லூயிசா அம்மாள் மட்டும் அசையவில்லை. "காஸ்பரு வந்து பூட்டின கதவைப் பார்த்தா எங்கேடா போவான்?" என்பதே அவள் பதில். அந்தப் பிள்ளை வரவே போவதில்லை என்று இங்கேயே தெரிந்தால் அவள் பாயைப் போட்டுப் படுத்துவிடுவாள். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே முதலில் செங்கல்பட்டு மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது, நாலு பெண்டுகள் சுற்றி இருக்கும்போது விஷயத்தைச் சொல்வது. அதுவரை வாயைத் தைத்துக்கொள்வது.

அதிசயமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளே, "சரிடா, போலாம்" என்றாள். மூன்று வாரமாகத் தான் பேசிய பேச்சு பலித்துவிட்டது என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டான். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை வந்துவிட்டால் வழியைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை அப்துல் வஹீத் பாய் தம் வாடகை மோட்டார் வண்டியோடு வந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கொளுத்தி, பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதினால் ஒருவழியாகப் புகை மூண்டு வண்டி கிளம்பும். பாய் சுற்றிக்கொண்டே இருமினார்.

"இன்னா பாய், இது வண்டியா சமையக்கட்டா?" என்றாள் லூயிசா அம்மாள்.

"ரெண்டும்தாம்மா. சோறு வேணும்னா மேல பானை வச்சிக்கலாம். வண்டிய மட்டும் வேகமா ஓட்டுன்னு சொல்லாதீங்கோ. மெதுவாதான் போய்க்கினு இருக்கும்."

சாமான் ஏற்றுவதிலேயே முதல் சண்டை வந்தது. கூடையில் ஒரு பெட்டைக்கோழி. அதை மாம்பலத்தில் அம்மாவின் தங்கை ஜோன் வீட்டில் விட்டுப் போகவேண்டுமாம். ஊறுகாய் ஜாடி. அதோடு பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து அடுக்கிய ஒரு துணி மூட்டை. அதை ஆம்ப்ரோஸ் இறக்கி வைத்தான். அம்மா தூக்கி ஏற்றினாள். மறுபடி இறக்கினான்.

"கந்தத் துணிம்மா. செங்கல்பட்டுல துணியா இல்லை?"

"அது கிடக்கட்டும் உள்ளே. உனக்கு ஒண்ணும் தெரியாது."

மூட்டை ஏறியது. எல்லாவற்றுக்கும் கடைசியாக அவள் மடியில் அந்தோணியார் ஏறினார்.

அந்தச் சுரூபம் அவர்கள் வீட்டில் யார் காலத்திலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு முழ உயரம், மரம், வண்ணம் பாதி உதிர்ந்துவிட்டது. இடது கையில் ஒரு சின்ன முளை. அதில்தான் சேசு பாலன் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது முளை மட்டும் இருந்தது.

வண்டி மந்தைவெளியைத் தாண்டும்போது பாய் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, சாமி கை காலியா கீது? ஒடஞ்சிப் போச்சா?"

"ஒடையலை பாய். நாந்தான் புள்ளையைக் கழட்டி வச்சிருக்கேன்."

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். சாந்தோம் வீடுகளில் அவரிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மெழுகுதிரி ஏற்றிக் கெஞ்சுவார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் கையில் இருக்கும் பாலனைக் கழற்றி ஒளித்துவிடுவார்கள். கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அவருக்கும் பிள்ளை. காஸ்பரிடமிருந்து தகவல் நின்றுபோன தை மாதத்தில் லூயிசா அம்மாள் பாலனைக் கழற்றினாள்.

பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யம்மா, பெரியவர்கிட்டயே ஜாமீனா? புள்ளைய புட்ச்சி வச்சிகினு மிரட்றீங்களே."

"எம்புள்ளை வர்ற வரைக்கும் அவருக்கும் புள்ளை இல்லை. நியாயந்தானே பாய்?"

ஆம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணனும் அவனும் சின்ன வயதில் அந்தப் பாலனைத் திருடி விளையாடி உதை வாங்கியிருக்கிறார்கள். உதை வாங்கியது எப்போதும் காஸ்பர்தான். தம்பிக்கும் சேர்த்து அவனே வாங்கிக்கொள்வான். அதை நினைத்ததும் கையால் வாயை மூடிக்கொண்டான். இருமுவதுபோல் பாவனை செய்தான். புகை உதவியது.

மாம்பலத்தில் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஜோன் வீடு. தெருவில் நாய்கள்தாம் இருந்தன. வீட்டுக்கு வீடு பூட்டு. பார்க்குக்குள் பதுங்குவதற்காக வெட்டியிருந்த பள்ளங்களில் யாரோ குப்பையைக் கொட்டியிருந்தார்கள். ஜோன் வீட்டுக் கதவிலும் பூட்டு தொங்கியது. வெயிலில் காய்ந்து சுருண்ட துளசி ஒன்று எதிர்வீட்டு வாசலில் நின்றது.

லூயிசா அம்மாள் கோழிக்கூடையோடு கதவுக்கு முன்னால் நின்றாள். பூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கூடப் பிறந்தவ. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையேடா."

"அவசரமாப் போயிருப்பாங்கம்மா."

"நேத்துக்கூட உப்பு மீன் கொடுத்தனுப்பினா. அப்போ தெரியாமலா இருக்கும்?"

அவள் வண்டியில் வந்து உட்கார்ந்தாள். பாய் பின்னால் போய்க் கரியைக் குத்திவிட்டார். வண்டி கிளம்பி முக்கால் தெருவைத் தாண்டியிருக்கும். திடீரென்று அவள் மடியைத் தடவினாள். இடுப்பைத் தடவினாள்.

"நிறுத்து பாய். சேசுவை அரிசிப் பானையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

ஆம்ப்ரோஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அதுக்காகத் திரும்பிப் போறதாம்மா? இன்னும் பல்லாவரத்தைக்கூடத் தாண்டலை."

"திருப்பச் சொல்லுடா."

"எதுக்கு? அங்கேயே இருக்கட்டுமே. யாரும் எடுத்துக்கிட்டுப் போகமாட்டாங்க."

"பாலனை வீட்டுல பூட்டிட்டு இவரை மட்டும் தூக்கிட்டுப் போறதா? குண்டு கிண்டு விழுந்தா?"

அண்ணன் செத்துவிட்டானம்மா, யாருக்காக இந்த மரப்பொம்மையை இன்னும் மிரட்டுகிறாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். செத்த மனிதனுக்காக ஒரு பொம்மையைத் தேடி வந்த வழியே திரும்பிப் போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவனுக்கு அந்த நிமிஷம் தோன்றியது. அம்மாவின் மேல் வந்த கோபத்தை அவன் என்னவோ தன் மேலேயே காட்டிக்கொண்டான். தொடையை அழுத்திக் கிள்ளினான்.

பாய் வண்டியைத் திருப்பினார். "போவட்டும் சார். எங்கூட்லயும் இதே கதைதான். எம்பொஞ்சாதி அஸ்மத்துன்னிசா போவவே மாட்டேன்றா. கபர்ஸ்தான்ல எம்புள்ள படுத்துகினு கீறான், உட்டுட்டு எங்க வர்றதுன்றா. நான் இன்னா பண்றது? ஊரையெல்லாம் ஏத்திகினு போய் உட்டுட்டு ராவானா திரும்பி வர்றேன்."

லஸ் வழியாகவே வண்டி சாந்தோம் திரும்பியது.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் காலையிலேயே கொடுத்திருந்தார்கள். அது ஆம்ப்ரோஸின் ஏற்பாடு. "பேச்சியம்மா எங்கேயும் போகலையாம். சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்மா. அண்ணன் வந்தா வாங்கித் திறந்துப்பான்" என்று அவன் சொன்னபோது அம்மா அவன் முகத்தை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு, "கொடுத்துடு" என்றாள். சாவிக்காரியை இப்போது தேடினால் அவள் கடற்கரைக்கு மீன் வாங்கப் போய்விட்டாள். மீன் விற்கிறவளுக்குக் குண்டென்ன, கிண்டென்ன. அவள் வரும்வரை, பூட்டிய தங்கள் வீட்டு வாசற்படியிலேயே தாயும் மகனும் கோழியும் அந்தோணியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா லூயிசாம்மா, அதுக்குள்ள செங்கல்பட்டு போய்ட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பேச்சியம்மாள்.

லூயிசா அம்மாள் உள்ளே போய் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, கட்டைவிரல் நீளமே இருந்த பாலனை எடுத்தாள். அரிசி மாவு அப்பியிருந்தது. துடைக்காமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பானையில் இருந்த அரிசி முழுவதையும் பேச்சியம்மாளின் முந்தானையில் கொட்டினாள்.

"எதுக்கும்மா? புள்ள வந்தா பொங்கிப் போடலாமேன்னு வச்சிருந்தீங்களே" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ எடுத்துக்கோ" என்றாள் அவள். ஆம்ப்ரோஸ் அப்போது வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். வார்த்தை காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

மவுண்ட் ரோடில் பட்டாள லாரிகளும் மாட்டுவண்டிகளும் அடைத்துக்கொண்டு நிற்பதாகப் பேச்சு வந்தது. அடையாறு வழியாகக் கிண்டிக்குப் போய்விடலாம் என்று பாய் சொன்னார். பாலத்தில் ஏறியதும் வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றுவிட்டது. பீப்பாயைத் திறந்து பார்த்தால் சாம்பல்தான். போக வர ஓடியதில் கரி அத்தனையும் தீர்ந்து போயிருந்தது.

"அக்கரையில கரிக்கடை ஒண்ணு கீது. தொறந்திருந்தா நம்ம நசீபு" என்று பாய் கோணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் துணி மூட்டையைப் போட்டு அதன்மேல் அம்மாவை உட்கார வைத்தான் ஆம்ப்ரோஸ். மாட்டுவண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கட்டில், உரல், தையல் மிஷின், கிழவர்கள் எல்லாம் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கீழே தண்ணீர் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

லூயிசா அம்மாள் அந்தத் தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து பாலனை எடுத்தாள். முந்தானையால் மாவைத் துடைத்தாள். முகம், கை, கால் இடுக்கு என்று குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டுவதுபோல் துடைத்தாள்.

"சுரூபத்தை இப்படிக் கொடு."

ஆம்ப்ரோஸ் எடுத்துக் கொடுத்தான். அவள் பாலனை அந்தோணியாரின் கையில் இருந்த முளையில் வைத்து அழுத்தினாள். பிள்ளை உட்கார்ந்தது.

"என்னம்மா பண்றே?"

"கொடுத்துட்டேன்."

"அண்ணன் இன்னும்…"

"போதும்டா" என்றாள் அவள். "பாவம், அவரை எத்தனை நாள் வெறுங்கையோட நிக்க வைக்கிறது? செத்தவனை அவர் எங்கேர்ந்து தேடிக் கொண்டாருவார்?"

ஆம்ப்ரோஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பிரகாசம் சொன்னானா?"

"அவன் எங்கே சொன்னான்? ஞாயித்துக்கிழமை பூசையில தூணுக்குப் பின்னாடி நின்னான். நான் பார்க்கறேன்னு தெரிஞ்சதும் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். சாமியார்கிட்ட நன்மை வாங்கக்கூட முன்னாடி வரலை. அந்தக் காலை வச்சிக்கிட்டு நொண்டி நொண்டிப் பக்கத்து வாசல் வழியா ஓடறான். எம்புள்ளையோட ஒரே தட்டில சாப்பிட்டவன். நல்ல சேதி இருந்தா பூசைக்கு முன்னாடி நம்ம வாசல்ல வந்து நின்னிருக்க மாட்டானா?"

"என்கிட்ட ஏம்மா கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லலை. சாவியைப் பேச்சிகிட்ட கொடுக்கச் சொன்னே பாரு, அப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். புள்ளை இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றானேன்னு விட்டுட்டேன்."

சனிக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் பார்க்கப் பார்க்க முப்பது வயது வாத்தியார் அம்மாவின் முழங்காலில் தலையை வைத்து அழுதான். அவளும் அழுதாள், சத்தம் இல்லாமல். ஒரு கை அவன் தலையில் இருந்தது. இன்னொரு கை அந்தோணியாரைப் பிடித்திருந்தது. ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்திருந்த சாவு இப்போதுதான் அந்த வீட்டுக்குள் வந்தது.

"எங்கே போட்டாங்க?"

"ஒரு ஆத்தங்கரையில."

"சாமியார் இருந்தாரா?"

"இல்லைம்மா. பிரகாசம்தான் தெரிஞ்ச செபத்தைச் சொன்னானாம்."

"அது போதும்" என்றாள். மூக்கைச் சிந்தினாள். "செங்கல்பட்டுல ஒரு பூசை ஒப்புக்கொடுக்கணும். பாவத்துக்கு உத்தரிக்கிற ஸ்தலத்துல ரொம்ப நாள் இருக்கமாட்டான். கோவம் உண்டே தவிர சூது கிடையாது அவனுக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, இதைக் கேட்பதற்காகவே இத்தனை நேரம் தெம்பு சேர்த்துக்கொண்டிருந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. ஃப்ளோரா?"

ஆம்ப்ரோஸ் தலையைத் தூக்கினான்.

ஃப்ளோரா காஸ்பரின் மனைவி. ரங்கூனிலேயே கல்யாணம் நடந்தது. லூயிசா அம்மாள் மருமகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கிறிஸ்மஸ் சமயத்தில் வந்த கடைசித் தகவல், அவள் முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம் என்பது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"அவளுக்கு என்னடா ஆச்சு? கூட நடந்தாளா? அவளும் போயிட்டாளா? எதுவானாலும் சொல்லு. ரெண்டு நாளா உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவன் வாயைத் திறந்தான். வேப்பமரமும் பிரகாசத்தின் காலைச் சுற்றியிருந்த கந்தலும் கண்முன் வந்தன. காலரா என்றதும், அம்மா கண்ணில் படாதே என்று தான் பிடித்த பிடியும் நினைவுக்கு வந்தது. பிரகாசம் மேற்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தான். போ, போ என்று முதுகில் கைவைத்து அனுப்பியவன் இவன்தான்.

"நான் கேக்கலைம்மா."

"கேக்கலை?"

"எனக்கு உன் நினைப்புதான் இருந்தது. உன்கிட்ட எப்படிச் சொல்றது, உன்னை எப்படிக் கிளப்பறதுன்னு… அவ ஞாபகமே வரலைம்மா."

லூயிசா அம்மாள் மகனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தான் உட்கார்ந்திருந்த துணி மூட்டையை அவள் ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். வேட்டியை வேண்டுமென்றே பழசாகப் பார்த்து எடுத்து, மெத்தென்று துவைத்து, சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்தது எந்தப் பிள்ளைக்கென்று ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் அதை இரண்டு தடவை வண்டியிலிருந்து இறக்கி வைத்தவனும் அவன்தான்.

"கரி கெட்ச்சிதும்மா" என்று பாய் கோணியைத் தோளிலிருந்து இறக்கினார். முகமெல்லாம் கறுப்பு. "இருட்றதுக்குள்ள கிண்டிய தாண்டிட்டம்னா அப்பால கவலையில்ல. வெளக்கு போடக்கூடாதுன்னு போலீசு நின்னுகினு கீறாங்கோ."

"செங்கல்பட்டு வேணாம் பாய். மந்தவெளிக்குத் திருப்பு. பிரகாசம் வீட்டுக்கு."

பாய் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தான். கடல் பக்கம் வானம் மங்கிக்கொண்டு வந்தது. எதிர்த்திசையில் போவதற்கு அந்தப் பாலத்தின் மேல் அவர்களைத் தவிர ஒரு வண்டிகூட இல்லை.

லூயிசா அம்மாள் அந்தோணியாரைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "அது அவனுக்கு. இது அவளுக்கு."

முளையிலிருந்து பாலனைக் கழற்றி முந்தானை நுனியில் வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, துணி மூட்டையை மடியில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆம்ப்ரோஸ் வண்டிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான்.